கருமருந்துப் புகையும் ஐந்து தோட்டாவும்

கேள்வி: ஃபீனிக்ஸில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை கௌபாய் போல உடுத்திக்கொண்டு, பழங்காலத் துப்பாக்கிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார். ஏன் என்று கேட்டால் "அது எளிமையான காலம்" என்கிறார். இது என்ன விளையாட்டு? இந்த வயதில் எதற்கு? அவர் சொல்வது உண்மைதானா?

பதில்:

ஐயா, அவர் போவது கௌபாய் ஆக்‌ஷன் ஷூட்டிங் என்ற போட்டிக்கு. நானும் இதே அரிசோனாவில் பதினோரு வருடமாக அதில் சுடுகிறேன். சனிக்கிழமைகளில் என் பக்கத்தில் நிற்பவர்களில் பாதிப்பேர் உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் வயதுக்காரர்கள். அவர் சொன்ன அந்த வாக்கியத்தை நானும் பலமுறை கேட்டிருக்கிறேன். அதைப் பற்றி எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு. ஆனால் அது விளங்க வேண்டுமானால் முதலில் அந்தத் துப்பாக்கிகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

1982-இல் தெற்குக் கலிஃபோர்னியாவில் நண்பர்கள் சிலர் சேர்ந்து 'எண்ட் ஆஃப் டிரெயில்' என்ற பெயரில் ஒரு போட்டி நடத்தினார்கள். பழைய மேற்கு அமெரிக்காவின் துப்பாக்கிகள், பழைய உடை, இரும்புத் தகட்டு இலக்குகள், அவ்வளவுதான். அது பிடித்துப்போய் 1987-இல் சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி என்ற சங்கமாயிற்று. சுருக்கமாக 'சாஸ்' என்பார்கள். அந்த முதல் போட்டியே பிறகு உலகப் போட்டியாக வளர்ந்து, நியூ மெக்சிகோவில் எட்ஜ்வுட்டில் பல வருடம் நடந்து, அப்புறம் உங்கள் ஃபீனிக்ஸுக்கு வடக்கே இருக்கும் பென் ஏவரி மைதானத்துக்கு வந்தது.

மைதானத்தில் பலகையால் சலூன், வங்கி, சிறைச்சாலை என்று முகப்புகள் கட்டியிருப்பார்கள். ஒவ்வொன்றும் ஒரு 'ஸ்டேஜ்'. மாதாந்தரப் போட்டியில் ஐந்தாறு ஸ்டேஜ் இருக்கும். ஒவ்வொருவரும் நான்கு துப்பாக்கி கொண்டுவர வேண்டும்: இடுப்பில் இரண்டு ரிவால்வர், லீவர் ரைஃபிள் ஒன்று, ஷாட்கன் ஒன்று. எல்லாமே அந்தக் காலத்து வடிவமைப்பாகவோ அவற்றின் நகலாகவோ இருக்க வேண்டும். ரிவால்வர் ஒவ்வொன்றிலும் ஐந்து தோட்டா, ரைஃபிளில் பெரும்பாலும் பத்து. ஷாட்கனுக்கு மட்டும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் தோட்டா போட வேண்டும். டைமர் 'பீப்' என்றதும் தொடங்கி, எழுதியிருக்கிற வரிசையில் சுட்டு முடிக்க வேண்டும். ஈயக்குண்டு மட்டுமே அனுமதி, இரும்பில் பட்டுச் சிதற வேண்டும் என்பதற்காக. ஒரு குறி தப்பினால் ஐந்து வினாடி கூட்டுவார்கள். வரிசை மாறினால் பத்து. தப்பியதா பட்டதா என்று மூன்று பேர் நின்று பார்ப்பார்கள், இருவர் சொன்னதுதான் தீர்ப்பு. தேர்ந்தவர்கள் இருபது வினாடிக்குள் முடித்துவிடுவார்கள். எனக்கு நாற்பது ஆகும்.

உடை கட்டாயம். பேஸ்பால் தொப்பியும் ஓட்டப்பந்தய ஷூவும் போட்டுக்கொண்டு கோட்டுக்கு வர முடியாது. ஒவ்வொருவருக்கும் ஒரு புனைபெயர் உண்டு. ஒருவர் பதிவு செய்த பெயரை இன்னொருவர் எடுக்க முடியாது. களத்தில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நான்கு வருடம் ஒரே குழுவில் என்னோடு சுட்ட ஒருவரின் சொந்தப் பெயர் எனக்கு அவருடைய இரங்கல் அறிவிப்பில்தான் தெரிந்தது. அவர் ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர். தன் டிரக்கின் டயர் வெடித்த நாளிலும் போட்டிக்கு வந்து சேர்ந்தவர். அன்று அந்த அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இனி துப்பாக்கி. பெரும்பாலோர் இடுப்பில் தொங்குவது 1873-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வர், அல்லது அதன் நகல். சிங்கிள் ஆக்‌ஷன் என்றால் விசையை இழுப்பது ஒரே வேலையைத்தான் செய்யும், மேலே நிற்கும் சுத்தியலை விழவைக்கும். சுத்தியலை ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் நாமே பின்னால் இழுக்க வேண்டும். பழைய கோல்ட்டில் அப்படி இழுக்கும்போது நான்கு 'க்ளிக்' கேட்கும். உள்ளே என்ன நடக்கிறது என்பது காதுக்கே தெரியும்: பாதுகாப்புக் கொக்கி, பாதிக் கொக்கி, உருளை பூட்டிக்கொள்வது, கடைசியாக முழுக் கொக்கி. ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் அடுக்களை மேசையிலேயே அதை முழுக்கப் பிரித்து மாட்டலாம். நான் வேலைக்காக நாள் முழுவதும் மென்பொருள் எழுதுகிறவன். பத்து வருடம் பார்த்த நிரலிலும் எந்த வரி எங்கே எதைத் தொடுகிறது என்று என்னால் முழுதாகச் சொல்ல முடியாது. இந்த ரிவால்வரை முதன்முதலில் பிரித்து மாட்டிய இரவில், ஒரு பொருளை முழுவதும் அறிந்துகொண்டோம் என்கிற நிறைவு எத்தனையோ காலத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்தது.

ஆனால் அந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. உருளையில் ஆறு அறை, போடுவது ஐந்து தோட்டாதான். பழைய கோல்ட்டில் தோட்டாவை அடிக்கும் ஊசி சுத்தியலிலேயே இருக்கும். ஆறும் போட்டால் அந்த ஊசி ஒரு தோட்டாவின் பிரைமர் (அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் மூடி) மேலேயே சாய்ந்து நிற்கும். துப்பாக்கி கீழே விழுந்தாலோ சுத்தியலில் அடிபட்டாலோ வெடிக்கும். அதனால் ஒன்று போட்டு, ஒன்று விட்டு, நான்கு போட்டு, சுத்தியலை இழுத்துக் காலி அறை மேல் மெதுவாக இறக்க வேண்டும். 1973-இல் ரூகர் நிறுவனம் இந்த ஆபத்தை நீக்கும் ஒரு தடுப்புப் பட்டையைத் தன் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்களில் வைத்தது. ஆறும் போட்டாலும் பயமில்லை. இருந்தும் எங்கள் களத்தில் ரூகர் வைத்திருப்பவரும் ஐந்துதான் போடுவார். எல்லோருக்கும் ஒரே விதி, ஒரே கைப்பழக்கம்.

ரைஃபிள் என்றால் பெரும்பாலும் 1873 வின்செஸ்டர். லீவரைக் கீழே தள்ளினால் காலிக் கூடு மேலே எகிறும், திருப்பி இழுத்தால் அடுத்த தோட்டா ஏறிவிடும். அசல் வின்செஸ்டரில் 7 லட்சம் துப்பாக்கிகளுக்கும் மேல் விற்றன. அது வந்த சில வருடத்திலேயே கோல்ட் நிறுவனம் அதே 44-40 தோட்டாவை ஏற்கும் ரிவால்வரையும் செய்தது. பெல்ட்டில் ஒரே வகைத் தோட்டா இருந்தால் இரண்டுக்கும் போதும். கடை ஐம்பது மைலுக்கு அப்பால் இருக்கிற ஊரில் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று யோசித்துப் பாருங்கள். ஷாட்கனில் இரட்டைக்குழல்தான் பழையது. ஆனால் வேகம் வேண்டுமென்பவர்கள் யூட்டாவின் ஆக்டன் நகரத்துக்காரர் ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1897 வின்செஸ்டர் பம்ப் ஷாட்கனை வைத்திருப்பார்கள்.

இங்கே எனக்கு ஒரு மனத்தாங்கலைச் சொல்ல வேண்டும். வெல்ல வேண்டும் என்று வருகிறவர்கள் இப்போது ரைஃபிளின் லீவர் ஓட்டத்தைச் சுருக்கி, சுருள்வில்லைத் தளர்த்தி, மெல்லிய 38 தோட்டாவில் மருந்தைக் குறைத்துப் போட்டுக்கொள்கிறார்கள். விதியில் அதற்கு இடம் இருக்கிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் கையில் உதைப்பே இல்லாத 1873 ரிவால்வர், காரம் போடாத மீன் குழம்பு மாதிரி. என் ஓட்டு கருமருந்துக்காரர்களுக்குத்தான். அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது.

கருமருந்து என்பது வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. பிரான்சில் பால் வியேய் 1884-இல் புகையில்லா மருந்தைக் கண்டுபிடிக்கும் வரைக்கும் உலகத்துத் துப்பாக்கிகள் அநேகமாக எல்லாம் இதில்தான் ஓடின. 45 கோல்ட் தோட்டாவில் அன்று 40 கிரெய்ன் (மருந்தை நிறுக்கும் சிறிய எடை அளவு) போட்டார்கள். சுட்டால் 'டப்' என்று வராது, 'தொம்' என்று நெஞ்சில் இடிக்கும். காற்றில்லாத காலையில் இரண்டாவது குண்டுக்கே இலக்கு புகைக்குள் மறைந்துவிடும். அன்றைய அனுபவத்தில் பாதி இந்தப் புகைதான் என்று அதற்குள் நின்றால்தான் புரியும். சுட்டு முடித்த அன்றைக்கே வெந்நீரும் சோப்பும் போட்டுக் குழலைக் கழுவி எண்ணெய் பூச வேண்டும், விட்டால் துரு பிடித்துவிடும். அந்த மணம் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த மணம்தான். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் இரும்புக் குழாயில் மருந்து கிட்டித்து அதிர்வேட்டுப் போடுகிற பெரியவரின் சட்டையில் வீசும் அதே மணம். முதல்முறை அந்தக் கழுவிய தண்ணீரை முகர்ந்தபோது அரிசோனா பாலைவனத்தில் எனக்கு ஏழு வயதாகிவிட்டது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதில்தான் பதில் இருக்கிறது. 'எளிமையான காலம்' என்று உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும்போது அவர் மனதில் இருப்பது 1880 இல்லை. பெரும்பாலும் 1958, 1959 ஆக இருக்கும். அவர் ஏழெட்டு வயதுப் பையன். அந்த வருடங்களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வாரத்துக்கு இரண்டு டஜனுக்கும் மேல் கௌபாய்த் தொடர்கள் ஓடின. அப்பா அருகில் உட்கார்ந்திருப்பார், பையன் இடுப்பில் பொட்டு வெடி வைத்து அடிக்கும் பொம்மைத் துப்பாக்கி இருக்கும். இதன் வீச்சு எவ்வளவு தெரியுமா? கோல்ட் நிறுவனம் இந்த ரிவால்வரை 1940-களின் தொடக்கத்தில், போர்க்கால வேலைக்காக, செய்வதையே நிறுத்திவிட்டிருந்தது. பழசாகிப்போன சரக்கு, இனி வேண்டாம் என்றுதான் நினைத்தார்கள். தொலைக்காட்சி பார்த்தவர்கள் கேட்டுக் கேட்டு 1956-இல் மறுபடி செய்ய வைத்தார்கள். கதை பார்த்த ஆசைதான் நின்றுபோன தொழிற்சாலை வரிசையைத் திரும்ப ஓட வைத்தது.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சிவகாசியில் அச்சாகி வந்த காமிக்ஸில் டெக்ஸ் வில்லரைப் படித்து வளர்ந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். அவர் 1948-இல் இத்தாலியில் பிறந்த நாயகன். அந்தப் பாலைவனங்களை வரைந்தவர்கள் இத்தாலிக்காரர்கள். எங்கள் களத்தில் இருக்கிற துப்பாக்கிகளைத் திருப்பிப் பார்த்தாலும் பெரும்பாலும் குழலில் இத்தாலிய முத்திரைதான் இருக்கும். வடக்கு இத்தாலியில் கார்டோனே வால் டிராம்பியா என்று ஒரு மலைப்பள்ளத்தாக்கு ஊர். 1526-ஆம் ஆண்டிலேயே பெரெட்டா குடும்பம் அங்கே துப்பாக்கிக் குழல் செய்து விற்றதற்குக் கணக்கு இருக்கிறது. அதே ஊரில் ஆல்டோ உபெர்ட்டி 1959-இல் தொழில் தொடங்கினார். அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நெருங்கிக்கொண்டிருந்தது, பழைய துப்பாக்கிகளின் நகலுக்கு ஆள் தேடினார்கள். அவர் முதலில் செய்தது 1851 கோல்ட் நேவி. இன்று உபெர்ட்டி, பியெட்டா என்ற பெயர்கள் இல்லாமல் இந்த விளையாட்டே கிடையாது. அசல் பொருள்கள் விலை எட்டாதவை. 1898 வரை செய்தவற்றை அமெரிக்க ஃபெடரல் சட்டம் 'ஆன்டிக்' என்று தனியாகவே வைத்திருக்கிறது. அவற்றை வைத்திருப்பவர்கள் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டு, களத்துக்கு இத்தாலிய நகலோடு வருவார்கள்.

சரி, அந்த 1880 உண்மையிலேயே எளிமையானதா? இல்லை ஐயா. இதில் நான் வளைந்து கொடுக்க மாட்டேன்.

மந்தை ஓட்டும் காலம் என்பதே மொத்தம் சுமார் இருபது வருடம்தான். உள்நாட்டுப் போர் முடிந்து டெக்சஸ் மாடுகளை வடக்கே ரயிலடிக்கு ஓட்டத் தொடங்கினார்கள், 1886-87 குளிர்காலம் சமவெளியில் மந்தை மந்தையாக மாடுகளைக் கொன்று அதை முடித்துவைத்தது. 1874-இல் கிளிடன் காப்புரிமை பெற்ற முள்கம்பி ஏற்கெனவே வழிகளை அடைத்துக்கொண்டிருந்தது. கௌபாயின் மாதச் சம்பளம் சுமார் முப்பது நாற்பது டாலர். நல்ல கோல்ட் ஒன்று வாங்க அதில் பாதி போய்விடும். அவர்களில் கணிசமானவர்கள் கறுப்பின மக்கள், மெக்சிகோக்காரர்கள். தொழிலையே ஸ்பானிஷ் பேசிய 'வக்கேரோ'க்களிடம்தான் கற்றார்கள். தொலைக்காட்சித் தொடர்கள் அவர்களைக் காட்டவே இல்லை என்று சொல்லலாம். 1885-இல் வயோமிங்கில் ராக் ஸ்பிரிங்ஸில் 28 சீனச் சுரங்கத் தொழிலாளர்களைக் கொன்றார்கள். 1876-இல் அமெரிக்க ராணுவத் தளபதி கஸ்டரின் படையை எதிர்த்து நின்ற லகோட்டா பூர்வகுடி மக்களின் தலைவர் சிட்டிங் புல், 1885-இல் பஃபலோ பில்லின் காட்சிக்குழுவில் கட்டணம் கொடுத்து வந்த கூட்டத்தின் முன்னால் குதிரையில் வலம் வந்தார். 1890 டிசம்பரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இரண்டு வாரத்தில் ராணுவம் அந்த மக்களைச் சுட்டுக் குவித்த வூண்டட் நீ படுகொலை. அந்தக் காலத்துக்கான ஏக்கம் அந்தக் காலம் முடிவதற்கு முன்பே டிக்கெட் போட்டு விற்பனைக்கு வந்துவிட்டது. பஃபலோ பில் தன் காட்சியைத் தொடங்கியது 1883-இல்.

துப்பாக்கியைப் பற்றியே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்களில் எல்லோரும் இடுப்பில் துப்பாக்கியோடு திரிந்தார்கள் என்பது திரையில் வந்த கதை. கான்சாஸின் டாட்ஜ் சிட்டியில் ஊருக்குள் ஆயுதம் எடுத்துவரத் தடை என்று தெருவில் பலகையே வைத்திருந்தார்கள். நம் அரிசோனாவின் டூம்ஸ்டோனிலும் 1881-இல் அப்படி ஒரு சட்டம் இருந்தது. அந்த வருடம் அக்டோபர் 26-இல் ஓ.கே. காரல் என்ற குதிரைக் கொட்டடிக்குப் பக்கத்தில் நடந்த புகழ்பெற்ற துப்பாக்கிச் சண்டைக்கு உடனடிக் காரணம் அந்தத் தடையை அமல்படுத்தப் போனதுதான். சில அடி தூரத்தில் நின்று சுமார் முப்பது வினாடியில் முப்பது குண்டு சுட்டார்கள். மூன்று பேர் செத்தார்கள்.

எங்கள் மைதானத்தில் டூம்ஸ்டோனின் அந்தச் சட்டம் இன்னும் கடுமையாக நடக்கிறது. சுடும் முறை வரும் வரை ஒருவர் துப்பாக்கியிலும் தோட்டா இருக்கக் கூடாது. தோட்டா போட ஒரு மேசை, அங்கே ஒரு கண்காணிப்பாளர். முடிந்ததும் காலி செய்து காட்ட இன்னொரு மேசை. குழல் பக்கவாட்டில் எல்லை தாண்டித் திரும்பினால் அன்றைய ஸ்டேஜ் போச்சு, மோசமான தவறென்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முப்பது வருடம் சுட்டவரானாலும் அதே விதிதான். கோபத்தோடு பேச அங்கே யாருக்கும் அனுமதி இல்லை. இந்த நாட்டில் துப்பாக்கியால் நடக்கிற கொடுமைகளைப் பார்த்து நானும் என் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பயந்திருக்கிறேன். இப்படியொரு விளையாட்டு விளையாடுகிறவன் அதைப் பற்றிப் பேசாமல் இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன். ஆயுதத்தை இவ்வளவு கவனமாகக் கையாளும் மனிதர்களை நான் முதலில் பார்த்தது அந்த வெறும் துப்பாக்கிகள் வரிசையாக நிற்கும் மேசைகளில்தான்.

ஆகவே உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வரலாற்றைத் தவறாகச் சொல்கிறார், தன் ஏக்கத்தைச் சரியாகச் சொல்கிறார். சனிக்கிழமை காலை எட்டு மணி முதல் மதியம் வரை அவர் கையில் இருக்கிற பொருள் முழுவதும் அவருக்குப் புரிகிறது. சுட வேண்டிய வரிசை ஒரு தாளில் அடங்குகிறது. கைபேசி வண்டியில் கிடக்கிறது. பக்கத்தில் நிற்பவர் பணக்காரரா, என்ன கட்சி என்று யாரும் கேட்பதில்லை. புனைபெயர் போதும். ஒருவர் சுடும்போது மற்றவர்கள் எண்ணுகிறார்கள், இலக்குக்குச் சாயம் அடிக்கிறார்கள், காலிக் கூடுகளைக் குனிந்து பொறுக்கி உரியவரிடம் கொடுக்கிறார்கள். முழங்கால் அறுவை சிகிச்சை ஆனவருக்கு இன்னொருவர் குனிகிறார். 1880-இல் இது எந்த ஊரிலும் இருந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் இப்போது செய்துகொண்டது அது.

கூப்பிட்டால் போய்வாருங்கள், பார்வையாளராக. கண்ணாடியும் காதடைப்பானும் கட்டாயம். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், வெயில் நம் மதுரை வெயிலை மிஞ்சும். ஒரு முக்கியமான எச்சரிக்கை: நீங்கள் வந்திருப்பது சுற்றுலா விசாவில் என்றால், "ஒரு குண்டு சுட்டுப் பாருங்கள்" என்று அன்பாக நீட்டினாலும் வாங்காதீர்கள். குடியேற்ற உரிமை இல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருக்க ஃபெடரல் சட்டத்தில் தடை இருக்கிறது, விதிவிலக்குகள் சிலதான். தோட்டாவின் காலிக் கூடும் அதில் சேர்த்தி, அதனால் ஞாபகத்துக்கு என்று ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். மாப்பிள்ளை ஹெச்1பி-யில் இருந்தால் அவருக்கும் இதையே சொல்லுங்கள்.

துப்பாக்கி வேண்டாம். அவருடைய புனைபெயர் என்ன, அதை ஏன் வைத்துக்கொண்டார் என்று மட்டும் ஒரு மாலையில் கேளுங்கள். ஒரு டம்ளர் ஃபில்டர் காபி போட்டுக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள், ஏனென்றால் பதில் அவர் அப்பாவிடமிருந்து தொடங்கும்.